முட்டிக்கம்பி

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிட்டுப் போன பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது, கண்ணு. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ நாலு விஷயம் பேசி முடித்து, "சரிம்மா, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதுதான் காகிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம். இதை நீ மட்டும் படித்தால் போதாது. உன் மனைவி படிக்கட்டும், உன் குழுவில் வாசிக்கிற பிள்ளைகள் படிக்கட்டும், கல்யாண வீடுகளில் மேடையோரம் உட்கார்ந்து வாசிக்கிற எவர் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். யாருக்காக இவ்வளவு காலம் மறைத்தேனோ அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாருடைய மானத்துக்காகவும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கப்போவதில்லை.

முதலில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு அது நடந்ததே தெரியாது. புதுக் கீபோர்டைக் கட்டிலின் மேல் வைத்து எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாய். இடது கைப்பக்கம் ரெண்டு சின்னச் சக்கரம். ஒன்றைத் தள்ளினால் சுரம் வளைந்து மேலே போகிறது, விட்டால் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. இன்னொன்றைத் தள்ளினால் சுரம் நடுங்குகிறது. கட்டையை அழுத்திய விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினால், நாயனக்காரர் மூச்சைக் கூட்டி ஊதுவது போல அது விம்முகிறது. காலுக்குக் கீழே ஒரு பெடல், அதை மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறுகிறது. "பாத்தியாம்மா, வெறும் விரல் வாசிக்கிறதில்ல இது, உடம்பே வாசிக்கணும்" என்றாய். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. அப்போதுதான் உன் தங்கை அமுதா டீ எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவள் தம்ளரை வைத்துவிட்டு நின்றாள். "அண்ணா, அந்த விஷயம்... எனுக்கு ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். அந்த விஷயம் என்றால் நீ கொண்டு வந்த சம்பந்தம். உன் சிநேகிதன், ஒலிபெருக்கிக் கடை வைத்திருப்பவன், நல்ல பையன் என்று நீ சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அவன். நீ என்ன செய்தாய்? "கல்யாணப் பொண்ணு வந்துட்டாங்கப்பா!" என்று சிரித்துக்கொண்டே கெட்டிமேளம் வாசித்தாய். காலைப் பெடலில் வைத்து ஒரே மிதி. தம்ளரில் டீ அதிர்ந்தது. உன் பிள்ளைகள் கை தட்டின, உன் மனைவி சிரித்தாள், நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அமுதாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் என்னவோ சொன்னாள். ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. நீ காலை எடுத்தபோது அவள் சமையலறைக்குப் போய்விட்டிருந்தாள். "வெக்கப்படறா" என்றாய் நீ. அந்தச் சத்தத்தை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உயிரில்லாமல் வாசித்தவர், பாட்டில் ஏற்ற இறக்கமே தெரியாதவர் என்றுதான் உன் நினைப்பு. நீ பத்தாவது படித்த காலத்தில் அவர் முகத்துக்கு நேரே சொன்னாய், "அப்பா வாசிக்கிறது டைப் அடிக்கிற மாதிரி இருக்குது" என்று. அவர் கோபப்படவில்லை. "டைப்புனா எல்லா எழுத்தும் படிக்கிற மாதிரி உழும்பா" என்று மட்டும் சொன்னார். நானும் அன்றைக்கு உன்னோடு சேர்ந்து சிரித்தேன். எல்லாம் தெரிந்திருந்தும் சிரித்தேன்.

அவர் முசரவாக்கத்தில் நிலத்தை நம்பிய குடும்பத்தில் பிறந்தவர். கிணறு காய்ந்து போனதும் காஞ்சிபுரத்துக்கு வந்து பட்டுத்தறிக் குழியில் காலை இறக்கினார். நாளெல்லாம் மிதிபலகையை மிதித்து மிதித்து அவர் காலுக்கு ஒரு தனி அறிவு வந்திருந்தது. கை ஊடுநூல் நாடாவை எறியும்போது கால் எதை மிதிக்க வேண்டும் என்று யோசிக்க மாட்டார், அது தானாக மிதிக்கும். மாலையில் பஜனைக் கூடத்தில் ஆர்மோனியம் பழகினார். அறுபதுகளின் பின்பாதியில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் மெல்லிசைக் குழு ஆரம்பித்தார். அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மெட்ராஸிலிருந்து கரண்டில் ஓடுகிற ஆர்கன் ஒன்றைப் பழசாக வாங்கி வந்தார். சின்னப் பெட்டிதான். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். அதற்கு அடியில், வலது முழங்காலுக்கு நேராக, ஒரு இரும்புத் தகடு தொங்கும். முழங்காலால் அதை வெளிப்பக்கம் தள்ளினால் சத்தம் பெருகும், முழங்காலை உள்ளே இழுத்தால் சத்தம் அடங்கும். எங்கள் ஊரில் அதற்கு முட்டிக்கம்பி என்று பேர் வைத்துவிட்டார்கள். குழுவில் இருந்த படித்த பிள்ளைகள் எல்லாம் அதை வாசித்துப் பார்த்தார்கள். விரல் ஓடும்போது கால் நின்றுவிடும், கால் தள்ளும்போது விரல் தடுக்கும். உன் அப்பா உட்கார்ந்தார். தறிக்காரன் கால் இல்லையா, அது உடனே பிடித்துக்கொண்டது.

அந்தப் பெட்டியை அவர் அழ வைப்பார், கண்ணு. நான் மிகைப்படுத்தவில்லை. சுரத்தைச் சத்தமே இல்லாமல் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக முழங்காலைச் சாய்த்து, ஒரு குழந்தை தேம்புவது போலக் கொண்டுவந்து, உச்சியில் இடது கையால் நடுக்கத்துக்கான விசையைத் தட்டிவிடுவார். தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள். "வெரலு வார்த்தய சொல்லும்மே, முட்டிதான் மூச்சு உடும்" என்பார் என்னிடம். ரேடியோ கேட்கும்போது, சோறு சாப்பிடும்போதுகூட அவர் வலது முழங்கால் அசைந்துகொண்டேயிருக்கும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னை இடது தொடையில் உட்கார வைத்துப் பழகுவார். நீ காலை உதறி அந்தக் கம்பியை உதைப்பாய். பெட்டி திடீரென்று அலறும். நீ பயந்து அழுவாய், அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். எழுத்து தெரிவதற்கு முன்னால் உனக்கு அந்தக் கம்பி தெரியும்.

கல்யாணங்களுக்கு அந்தக் குழுவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் வரவேற்புக்குப் பாட்டு வாசிக்க மட்டும். பிறகு முகூர்த்தத்திலும் தவிலோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் எதற்கு என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஒரு தும்மலோ, அழுகையோ, வேண்டாத சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது. மாஸ்டர் உன் அப்பாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தார்: "இன்னா சத்தம் வந்தாலும் நீ யோசிக்காத. முட்டியத் தள்ளு." அவர் அப்படியே பழகினார். எங்கோ ஒருவர் தும்முவதற்கு மூச்சை இழுத்தாலே அவர் முழங்கால் புறப்பட்டுவிடும். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அத்தை, புருஷனை இழந்தவர், பந்தலின் மூலையில் உட்கார்ந்து இருந்தாற்போலிருந்து கதறிவிட்டார். அந்தக் கதறல் பக்கத்து வரிசைக்குக்கூடப் போகவில்லை, ஆர்கன் விழுங்கிவிட்டது. பெண்ணைப் பெற்றவர் உன் அப்பாவுக்கு வேட்டி வைத்துக் கொடுத்தார். "அவரு வாசிச்சா பந்தல்ல ஒரு தும்மல் கேக்காதுபா" என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டு நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அந்த அத்தை அதற்கப்புறம் எங்கே உட்கார்ந்து அழுதார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

உன் சித்தி கௌரியை உனக்கு ஞாபகம் இருக்காது. என் ஒரே தங்கை. அதிகம் பேச மாட்டாள், பேசினால் மெதுவாகப் பேசுவாள். பட்டுச் சாயத் தொட்டியோரம் நாளெல்லாம் நிற்கிற எங்கள் அப்பாவுக்கு, நகக்கண்ணில் அரக்குச் சாயம் போகாத அந்த மனிதருக்கு, அவள் மேல் உயிர். தென்னேரியிலிருந்து சம்பந்தம் வந்தது. ஏரிக்குக் கீழே நிலம், சொந்த வீடு, வீட்டுக்குள்ளேயே கிணறு. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலைப் பந்தியில், ரசம் ஊற்ற வந்த வயசான ஆள் கை நடுங்கி மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் கொட்டிவிட்டார். மாப்பிள்ளை எழுந்து, அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, அதாலேயே அவரை அடித்தான். ஒரு அடியோடு நிறுத்தவில்லை. அந்த ஆள் பந்தி இலைகளுக்கு நடுவில் விழுந்த பிறகும் அடித்தான். பிறகு உட்கார்ந்து பாயசம் கேட்டான். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "மாப்ள ரோஷக்காரரு!" என்று சிரித்தார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். கௌரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த ஆள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிகாலை முகூர்த்தம். பெரிய முகூர்த்த நாள், ஊரில் மேளக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். எங்களுக்குத் தவில்காரர் ஒருவர்தான் கிடைத்தார். "வீட்டு மாப்ளதான் ஆர்கன் வாசிக்கிறாரே, அப்புறம் இன்னா?" என்று எங்கள் அப்பா சொன்னார். உன் அப்பா மணமேடையை ஒட்டி, பெண் உட்காரும் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பந்தக்காலில் குழாய் ஒலிபெருக்கிகள் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தன. உனக்கு அன்று காய்ச்சல். தாலி எடுக்கிற நேரம் பார்த்து நீ வீறிட்டு அழ ஆரம்பித்தாய். எல்லாரும் என்னை முறைத்தார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு நான் தெருவுக்கு ஓடினேன். அதனால் என் தங்கை கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. தெருமுனையில் நின்று உன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஆர்கன் சத்தம் திடீரென்று கிளம்பியது. அவர் அவ்வளவு சத்தமாக வாசித்து நான் கேட்டதே இல்லை. எதிர்வீட்டுக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் வீட்டுக்காரர் கை என்று பெருமையாக இருந்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். கௌரியைத் தென்னேரிக்கு அனுப்பிவிட்டு வந்தோம். பிறகு ஆடி மாதம் பிறந்ததும், புதுப்பெண்ணை அழைத்து வருகிற முறைப்படி, எங்கள் அப்பா போய்க் கூட்டி வந்தார். முழங்கை வரை இறக்கித் தைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள். வெயிலில் அது எதற்கு என்று கேட்டு, துணியை விலக்கிப் பார்த்தேன், கையெல்லாம் கன்றிய தடம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அன்று பகலில் எங்கள் அப்பா வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள், "நான் இனி அங்க போவல நைனா."

எங்கள் அப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர். "ஊரறியக் கட்டிக்கின. வேணாம்னா அன்னிக்கே சொல்றதுதான? இப்ப வந்து போவலன்னா நான் யாருக்குன்னு பதில் சொல்றது?" என்றார். "சொன்னேனே" என்றாள் கௌரி. "தாலிய கிட்ட கொண்டாரும்போது, வேணாம் நைனான்னு சொன்னேனே. வாய் உட்டுத்தான் சொன்னேன்." எங்கள் அப்பா சுற்றி இருந்த எல்லாரையும் பார்த்தார். "யார் காதுலயும் உழலையேம்மா" என்றார். அது உண்மைதான். அவர் காதில் விழவில்லை, புரோகிதர் காதில் விழவில்லை, மாப்பிள்ளைகூடத் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். கௌரி மெதுவாகத் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தாள். அவர் கையில் மோர்த் தம்ளர் இருந்தது. "மாமா, நீதான் பக்கத்துல இருந்த. உனுக்குக் கேட்டுச்சா?" என்றாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த உன் அப்பாவின் வலது முழங்கால் வேட்டிக்குள் அசைந்ததை நான் பார்த்தேன். ஏதோ பாட்டு நினைப்பு என்று நினைத்துக்கொண்டேன். "கேக்கலியேமா" என்றார் அவர்.

கௌரி கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தான் செய்த தப்புக் கணக்கைத் தானே கண்டுபிடித்துவிட்ட பிள்ளையைப் போலத் தலையை ஆட்டினாள். "அப்ப நான் வாய்க்குள்ளயே சொல்லிக்கினேன் போல" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. ஆடி முடிந்ததும் அவன் வந்தான், அவனோடு பஸ் ஏறிப் போனாள். ஐப்பசி மழையில் தென்னேரி ஏரி நிரம்பியிருந்த சமயம் ஆள் வந்து சொன்னான். துணி துவைக்கப் போன இடத்தில் ஏரியில் வழுக்கி விழுந்து செத்துப்போய்விட்டாளாம். அவர்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றது, கண்ணு. நானே பார்த்தேன். ஏரிக்குப் போய்த் துவைக்க வேண்டிய அவசியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

அவளை எடுத்துப் போட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில் உன் அப்பா என்னிடம் சொன்னார். நீ அவர் மடியில் படுத்துக்கொண்டிருந்தாய். "எனுக்குக் கேட்டுச்சுமே" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "வேணாம்னு சொன்னது கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சு. ஆனா மனசு கேக்கறதுக்கு முன்னாடி முட்டி கேட்டுச்சு. அது தள்ளிடுச்சு. வேணாத சத்தம் வந்தா தள்ளணும்னு பழக்கி வெச்சிருந்தனே, அதுக்கு இன்னா தெரியும்? தள்ளுனப்புறம்தான் அவ சொன்னது இன்னான்னே எனுக்குப் புரிஞ்சுது. அதுக்குள்ள பூவு எல்லாம் போட்டுட்டாங்க." அப்படியென்றால் ஆடியில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவர் உன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "கேட்டுச்சுன்னு சொன்னா, கேட்டுதான் தள்ளுனன்னு ஆயிடாதா?" என்றார்.

நான் அவரை ஆறுதல் படுத்தவில்லை. நல்ல மனைவி என்றால் ஏதாவது சொல்லியிருப்பாள். நான், "என் தங்கச்சிய நீதான் கொன்ன" என்றேன். அவளை அடித்தவனை விட்டுவிட்டு, அவளைத் திருப்பி அனுப்பிய என் அப்பாவை விட்டுவிட்டு, இவரைப் பார்த்துச் சொன்னேன். முழங்கால் தள்ளியதை மன்னித்துவிட்டேன். பழக்கம் அது. ஆனால் அந்தப் பகலில், மோர்த் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு சொல்லை மன்னிக்க என்னால் முடியவில்லை. இத்தனை வருடம் அவருக்குச் சோறு போட்டேன், அமுதாவைப் பெற்றேன், சாகக் கிடந்தபோது அழுக்கை அள்ளினேன். இருந்தாலும் நான் சொன்னதை முழுதாகத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் அது தெரியும். கௌரி அவரிடம் கேட்டது தன்னைக் காப்பாற்றச் சொல்லி அல்ல. தான் வாய் விட்டுச் சொன்னது நிஜம்தானா என்றுதான் கேட்டாள். ஆமாம் என்று ஒரு ஆள் சொல்லியிருந்தால், அவள் அந்த பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் அந்த முட்டிக்கம்பியைப் தறியில் மிச்சமான பட்டுப் பாவு நூலால் பெட்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். பட்டு நூலின் பலம் உனக்குத் தெரியுமே. கம்பி அந்தப் பக்கமும் போகாது, இந்தப் பக்கமும் வராது. எல்லாப் பாட்டும் ஒரே மட்டத்தில் ஒலித்தது. சோகமும் அதே சத்தம், சந்தோஷமும் அதே சத்தம். "உனுக்கு இன்னாய்யா ஆச்சு? உசுரே இல்லாம வாசிக்கிற?" என்று மாஸ்டர் கத்தினார். கல்யாணங்களில் கெட்டிமேளத்துக்கு அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். அப்புறம் குழுவில் யார் வைத்துக்கொள்வார்கள்? பெட்டி மட்டும் எப்படியோ அவரோடு வந்துவிட்டது, பழசாகிவிட்டது என்று மாஸ்டரே கொடுத்துவிட்டார். மறுபடி தறிக்குழியில் இறங்கினார். வீட்டில் கஷ்டம் வந்த காலத்தில், "அந்தக் கட்ட அவுத்து உடுங்க, நாலு கச்சேரிக்காவது போங்க" என்று நானே அவரை நச்சரித்திருக்கிறேன். எழுந்து தறிக்குழிக்குப் போய்விடுவார். நீ வளர்ந்து கேட்டதெல்லாம் அந்தக் கட்டிப்போட்ட கம்பியின் சத்தத்தைத்தான். அவருடைய நிஜமான வாசிப்பு உனக்கு ஞாபகமே இருக்காது, கண்ணு. காய்ச்சலில் அழுதுகொண்டு என் தோளில் கிடந்தபோதுதான் அதை முழுச் சத்தத்தில் கடைசியாகக் கேட்டாய்.

கடைசிக் காலத்தில் அவர் படுக்கையில் கிடந்தபோது நீ வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாய். உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதால், தெருவில் யாராவது சண்டை போட்டால், அவர் வலது முழங்கால் படுக்கையில் வெளிப்பக்கமாகச் சாயும். கை கால் விளங்காமல் கிடந்த உடம்பில் அது மட்டும் சாயும். அவர் கண் கலங்கி என்னைப் பார்ப்பார். நான் போய் முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அது அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருப்பேன். எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் மிச்சமிருந்த பாசம் அவ்வளவுதான். அதைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு உன் சக்கரங்களையும் பெடலையும் கட்டிப் போட வேண்டாம். அப்படிச் செய்தால் உன்னை முட்டாள் என்பேன். உன் அப்பா செய்தது ஒரு தண்டனை, அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. நீ வாசி. சுரத்தை வளை, நடுங்க வை, விம்ம வை. உனக்கு அது வருகிறது, உன் அப்பாவின் கால் உனக்கு வந்திருக்கிறது. ஆனால் நீ இப்போதெல்லாம் யோசித்து மிதிப்பதில்லை என்பதையும் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். மேடையில் அதுதான் வித்தை என்பார்கள். வீட்டில் அப்படி இருக்க முடியாது. உன் தங்கை வாயைத் திறந்ததும் உன் கால் மிதித்தது. நீ கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, கிண்டல் செய்தாய், பாசத்தோடு செய்தாய். அவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அப்பா போன பிறகு இந்த வீட்டுக்குப் பெரியவன் நீ. சம்பந்தம் நீ கொண்டு வந்தது. மாப்பிள்ளை உன் சிநேகிதன். உனக்கு எதிராக அவள் ஒரு சொல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் நினைத்துப் பார். அதைச் சொல்ல அவள் டீத் தம்ளரோடு வந்து நின்றாள்.

நீ போன மறுநாள் நான் மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அமுதா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நேத்து உங்கண்ணன்கிட்ட இன்னா சொல்ல வந்த?" என்று கேட்டேன். அவள் தலையைத் தூக்காமல் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. நான் மிக்சியை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். "ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள். கௌரியின் அதே முகம். சொன்னதையே சொல்லவில்லை என்று அவளும் நம்ப ஆரம்பித்துவிட்டாள். வெங்காயத்தை வாங்கி வைத்துவிட்டு, உன் சித்தியின் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அழுதாள். ஆனால் அவள் மனதில் உள்ளதை என்னிடம் சொல்லவில்லை. "அண்ணன்கிட்டதாம்மா சொல்லணும். அண்ணன் கேக்குமா?" என்றாள். அது வேண்டாம் என்பதாக இருக்கலாம், உன் சிநேகிதனைப் பற்றித் தெரிந்த ஒரு விஷயமாக இருக்கலாம், இன்னும் படிக்க வேண்டும் என்பதாகக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் ஊகித்துச் சொன்னால் அதுவும் அவள் குரலை மூடுவதுதான்.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், நாள் குறிக்க வேண்டாம், பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று. உன் சிநேகிதன் உன்னிடம் கோபித்துக்கொள்வான். கொள்ளட்டும். உன் மாமாக்கள் என்னை ஏசுவார்கள். நிறைய ஏச்சு கேட்டாயிற்று, இன்னும் கொஞ்சம் கேட்டால் காது கழன்று விழுந்துவிடாது.

நீ வா. இந்த வாரமே வா. கீபோர்டைக் கொண்டுவந்தாலும் உறையைப் பிரிக்காதே. அன்று மிக்சியைத் தொட மாட்டேன், மின்விசிறியையும் நிறுத்திவிடுகிறேன், வேர்த்தால் வேர்க்கட்டும். பக்கத்து வீட்டு ரேடியோவை நிறுத்தச் சொல்லிக்கொள்கிறேன். அமுதாவுக்கு எதிரில் தரையில் உட்கார். காலை மடக்கி வைத்துக்கொள். அவள் மெதுவாகத்தான் பேசுவாள், அவசரப்படுத்தாதே, சிரிக்காதே, நடுவில் புகாதே. அவள் சொல்வது உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். உன் மானம் போவது போல இருக்கலாம். முடித்துவிட்டு அவள் உன் முகத்தைப் பார்ப்பாள், கண்ணு. கட்டாயம் பார்ப்பாள். அப்போது வேறு எதுவும் சொல்லாதே. கேட்டுச்சும்மா என்று சொல்.